யார் மனசும் நோகாமல்

அந்த டெய்லருக்கு மனசு ரொம்ப மெல்லிசு. எவ்வளவு மெல்லிசு என்றால், அலமாரியில் இடித்துக்கொண்டால் தன் முழங்காலைத் தடவுவதற்கு முன்னால் அலமாரியைத் தடவிக்கொடுப்பார். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் பெருமூச்சு விட்டால் போதும், எழுந்து இடம் கொடுத்துவிடுவார். அந்த ஆள் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவராக இருந்தாலும் சரி. டிவியில் பந்தயம் பார்த்தால் தோற்றவனுக்காக ஒரு தடவை அழுவார். ஜெயித்தவன் பாவம், இவனும் ஒருநாள் தோற்கத்தானே வேண்டும் என்று இன்னொரு தடவை அழுவார்.

கடை, ஒரு பெரிய வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில். புதுத்துணி தைப்பது இல்லை. ஆல்டரேஷன் மட்டும். ஒரு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, மாற்றிக்கொள்ள ஒரு திரை, அவ்வளவுதான் இடம். போன வருஷத்துப் பேன்ட்டுக்குள் இந்த வருஷத்து இடுப்பை நுழைக்க முடியாமல் மூச்சுப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் பாதிக் கூட்டம். டேப்பை இடுப்பில் சுற்றியதும் அவர்கள் கண்ணில் ஒரு கலவரம் தெரியும். டெய்லருக்கு மனசு கேட்காது. "உங்க மேல தப்பே இல்லைங்க. துணி சுருங்கிடுச்சு. இப்போ வர்ற துணியெல்லாம் இப்படித்தான்" என்பார். அந்த ஊரில் ஒருவர்கூடப் பெருத்துப்போகவில்லை, துணிகள்தான் சுருங்கிக்கொண்டே போயின. வந்தவர்கள் உச்சி குளிர்ந்து போவார்கள், போய் நான்கு பேரிடம் சொல்வார்கள். கடையில் எப்போதும் கூட்டம்.

இப்படி ஊர் மனசையெல்லாம் நீவி விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர், வந்ததும் திரையை இழுத்து விடுவார், காதில் பஞ்சை வைப்பார், கட்டிலில் விழுவார். "இன்னிக்கு ரொம்பப் பேரு மனசுல பாரத்தோட வந்தாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க" என்பார். யாரும் என்றால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மனைவி ஒருத்திதான்.

அவளோ பேசாமல் பிழைக்க முடியாத ஆள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். மாஸ்டர் "பிரேக்!" என்று ஒரு குரல் கொடுத்தால் அவளுடைய கார் மட்டுமா நிற்கும்? பின்னால் வருகிற நான்கு வண்டிகளும் நிற்கும். கோபம் வந்தால் அங்கேயே கத்திவிடுவாள், சிரிப்பு வந்தால் அங்கேயே சிரித்துவிடுவாள். மனசுக்குள் வைத்துப் பூட்டி, அடுத்தவர் வந்து சாவி தேடட்டும் என்று காத்திருக்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. பெருமூச்சு விடவே தெரியாது. பெருமூச்சு விடத் தெரியாதவளுக்கும் வேதனை உண்டு என்பது டெய்லரின் நுட்பமான மனசுக்கு எட்டவில்லை, அதுதான் விஷயம்.

ஒரு நாள் அந்தக் குரல் கம்மியது. ஜலதோஷம் என்று விட்டாள். அது போகவில்லை. தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் ஒரு சின்ன வளர்ச்சி இருக்கிறது, எடுத்து சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார். "பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார். டாக்டர்கள் நினைக்கிறேன் என்று சொன்னால் நமக்கு அன்று தூக்கம் வருமா? ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். முடிந்த பிறகு சில வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள்.

அன்று வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு மாஸ்டர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டெய்லர் கடையிலிருந்து நடந்து வந்தவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

அவ்வளவுதான், டெய்லர் உடைந்து போனார். ஓவென்று அழுதார். தெருவில் போனவர்கள் குனிந்து பார்த்தார்கள். மாஸ்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், முதுகைத் தடவினாள், "ஒண்ணும் ஆகாதுங்க, ஒண்ணும் ஆகாது" என்று அவருக்குத் தைரியம் சொன்னாள். அவர் ஒரு வழியாக மூக்கைச் சிந்தி முடித்தார்.

"பாருங்க" என்றாள் மாஸ்டர். "தொண்டை என்னுது. பயமும் என்னுது. ஆனா சமாதானப்படுத்தற வேலையும் எனக்கே வந்து சேருது. பரவாயில்ல, இத்தனை வருஷமா செஞ்சாச்சு. அந்த ஒரு நாள் மட்டும் என்னால முடியாது. என்னை உள்ள தள்ளிட்டுப் போற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அழக்கூடாது, மயங்கி விழக்கூடாது. வேற எதுவும் நான் கேக்கல. அதுக்கு யார்கிட்டப் போகணுமோ போங்க, என்ன வைத்தியம் பண்ணிக்கணுமோ பண்ணிக்குங்க."

"சத்தியமா நிப்பேன்" என்றார் டெய்லர். அதைச் சொல்லும்போதே உதடு துடித்தது.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார். தேடத் தேட ஒரு விஷயம் புலப்பட்டது. தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு பெயரே இருக்கிறது: நுண்ணுணர்வாளர். நீங்கள் நுண்ணுணர்வாளரா என்று கண்டுபிடிக்கக் கேள்விகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று போட்டார். ஒன்றிரண்டுக்கு இல்லை என்று போடலாமா என்று விரல் போனது. பாவம், யோசித்து யோசித்துக் கேட்டிருப்பார்களே, எதற்கு மனசை நோகடிக்க வேண்டும் என்று அதற்கும் ஆமாம் போட்டார். ரகத்திலேயே உயர்ந்த ரகம் என்று முடிவு வந்தது.

"இது நோயே இல்லையாம்" என்று மனைவியிடம் ஓடினார். "கொடுப்பினையாம். உலகத்துல கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி மனசு வாய்க்குமாம்."

"மிச்சப் பேரெல்லாம் என்ன, மரக்கட்டையா?"

டெய்லர் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். ஆமாம் என்று சொன்னால் அவள் மனசு நோகுமே.

நுண்ணுணர்வாளர்களுக்கென்றே ஆலோசனை தரும் ஒரு மேடம், செருப்புக் கடைக்கு மேலே அறை வைத்திருந்தார். டெய்லர் போனார். உள்ளே அரை இருட்டு. வாசனை மெழுகுவத்தி எரிந்தது, அந்த வாசனை உள்ளே போனதும் டெய்லருக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. மூலையில் ஒரு சின்ன மெஷின், அதில் கூழாங்கல் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மனசுக்கு அமைதி தருமாம். டெய்லருக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. வெளியே சொல்லுவாரா? காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் பேசுவது காற்றுக்குக்கூடக் கேட்காது. டெய்லர் முன்னால் சாய்ந்து சாய்ந்து நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

"நானும் உங்களை மாதிரிதான்" என்றார் மேடம். "ஒரு சின்ன வார்த்தைகூட எனக்குள்ள முள்ளா இறங்கிடும். இதுக்கு முன்னாடி வந்துட்டிருந்த ஒருத்தர், சொல்லாம கொள்ளாம திடீர்னு நின்னுட்டார். அந்தக் காயம் இன்னும் ஆறல."

அந்த ஆள் ஏன் நின்றிருப்பார், அதில் மேடம் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்பதையெல்லாம் பேசி முடிக்கும்போது நேரம் முடிந்துவிட்டது. ஆபரேஷனைப் பற்றி டெய்லர் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் மேடம் தலையைச் சாய்த்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். கேட்ட கண்ணில் அப்படி ஒரு ஏக்கம்.

"ரொம்ப லேசா இருக்கு மேடம்" என்றார் டெய்லர். தலை பிளந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஒவ்வொரு தடவையும் மேடத்தைத் தேற்றிவிட்டுத் தலைவலியோடு திரும்பி வந்தார்.

"ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னீங்களா?" என்று மாஸ்டர் கேட்டாள். குரல் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"எங்க சொல்றது? அவங்களே நொந்து போயிருக்காங்க."

"அப்போ நின்னுடுங்க. வேற ஆளைப் பாருங்க."

"ஐயோ! இப்ப நானும் நின்னா அவங்க மனசு என்ன பாடுபடும்? நினைச்சுப் பாத்தியா?"

நின்றுவிடவும் முடியவில்லை, போய்ப் பலனும் இல்லை. டெய்லர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மேடத்தின் மனசு நோகாமல் மேடத்திடமிருந்து விலகுவது எப்படி என்று கற்றுக்கொள்ள, இன்னொரு ஆலோசகரிடம் போனார். சிரிக்காதீர்கள், அவர் நிஜமாகவே போனார்.

இரண்டாமவர் ஆண், வேறு ரகம். அறையில் வெள்ளைப் பலகை, பேனாவால் எழுதும்போது அது கீச்சென்று கத்தும், டெய்லரின் பல்லெல்லாம் கூசும். அந்த சார் பலகையில் பெரிதாக "முடியாது" என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

"சொல்லுங்க."

"முடியாதுங்க."

"ங்க வேண்டாம்."

"முடியாது... சார்."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு பயிற்சி கொடுத்தார். ஏதாவது ஒரு கடையில் ஒரு பொருளை வாங்க வேண்டும். மறுநாள் போய், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். காரணம் சொல்லக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது.

டெய்லர் ஒரு குடை வாங்கினார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போனார். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு அன்று பல்வலி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த நிலைமையில் இவளிடம் போய்க் குடையைத் திருப்பிக் கொடுப்பதா? "இந்தக் குடை ரொம்ப நல்லா இருக்கும்மா. இதே மாதிரி இன்னொண்ணு குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வலிக்கு மாத்திரை எங்கே கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

சாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வேறு என்ன சொல்வது? சார் அவ்வளவு நம்பிக்கையோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். "இவ்வளவு வேகமா முன்னேறின ஆளை நான் பாத்ததே இல்லை!" என்றார். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு, "இவர்தான், நான் சொன்னேனே" என்று அறிமுகம் வேறு. சந்தோஷத்தில் பூரித்துப் போயிருக்கிற ஒரு மனிதரிடம், நான் சொன்னது பொய் என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் மூன்றாவதாக ஒருவர் தேவைப்பட்டார். சாரிடம் உண்மையைச் சொல்வது எப்படி என்று கற்றுக்கொள்ள. இது போனிலேயே நடக்கிற ஆலோசனை. எதிர்முனையில் ஒரு இளம்பெண், குரல் மட்டும் கேட்கும். பின்னால் அவளுடைய குழந்தை வீறிட்டு அழும். "நீங்க போய்க் குழந்தையைப் பாருங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்பார் டெய்லர். குழந்தை தூங்கும் வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். குழந்தை தூங்கும்போது நேரம் முடிந்திருக்கும். "உங்ககிட்டப் பேசினா எனக்கே நிம்மதியா இருக்கு சார்" என்பாள் அந்தப் பெண். அவளையும் விட முடியாமல் போயிற்று.

ஆக, மெல்லிசு மனசுக்கு ஒரு மருந்து தேடிப் போனவர், கூடுதலாக மூன்று பேரின் மனசைக் கட்டிக் காப்பாற்றும் பொறுப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வருகிற நேரம் இன்னும் குறைந்தது, காதில் வைக்கிற பஞ்சு இன்னும் பெரிதானது.

இதற்குள் மாஸ்டரின் குரல் கரகரப்பிலிருந்து காற்றாகிவிட்டது. காரில் கத்த முடியாமல் டாஷ்போர்டைத் தட்டிச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தட்டு என்றால் மெதுவாக, படபடவென்று தட்டினால் பிரேக். அவளிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு வங்கிக்காரப் பெண்ணுக்குப் பிரேக்கை எப்போதும் ஒரு நொடி தாமதமாக மிதிக்கிற பழக்கம். தட்டித் தட்டி மாஸ்டரின் உள்ளங்கை சிவந்து போயிருக்கும். இருட்டு அறையில் படுத்திருந்த டெய்லர், வீடு இப்போதுதான் அமைதியாக இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். நினைத்ததற்காகத் தானே வெட்கப்பட்டு, அதற்கும் கொஞ்சம் அழுதார்.

ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னால் செருப்புக் கடை மேடம் ஒரு செய்தி சொன்னார். நுண்ணுணர்வாளர்கள் எல்லாரும் ஒருநாள் காலையில் ஒன்றுகூடுகிறார்கள். அதில் டெய்லர் பேச வேண்டும்.

"போன வாரம் அந்தக் குடைக் கதையைச் சொன்னீங்களே, உங்க அளவுக்கு யாரும் முன்னேறலை. 'முடியாது' சொல்ல நீங்க கத்துக்கிட்டது எப்படின்னு பேசுங்க."

தேதியைக் கேட்டதும் டெய்லருக்குத் தூக்கி வாரிப்போட்டது. "மேடம், அன்னிக்கு என் மனைவிக்கு..." என்று தொடங்கினார்.

மேடம் சிரித்தார். சிரிப்பின் ஓரம் லேசாக இறங்கியது, கண் அந்த மெழுகுவத்திப் பக்கம் திரும்பியது. "பரவாயில்லை" என்றார். "என் வாழ்க்கையில எல்லாரும் கடைசி நேரத்துல இப்படித்தான். எனக்குப் பழகிப்போச்சு."

"மத்தியானத்துக்கு மேலதான் மேடம் ஆபரேஷன்! காலையில வந்துடறேன்" என்றார் டெய்லர்.

வீட்டில் மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டுக் கையில் இருந்த துணிப்பையைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக மாற்றுப் புடவையும் துண்டும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாகிட்ட ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லக்கூடாதா?" என்றாள் காற்றுக் குரலில்.

"அவங்க தாங்க மாட்டாங்கம்மா."

"நான் தாங்குவேன். இல்ல?"

"நீ தைரியசாலியாச்சே!" என்றார் டெய்லர், மனசாரப் பாராட்டுகிற குரலில். மாஸ்டர் சிரித்தாள். சத்தம் வரவில்லை.

ஆபரேஷன் அன்று காலை மாஸ்டரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது வங்கிக்காரப் பெண். டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போனார்கள். டெய்லர் முன்னதாகவே கிளம்பிக் கூட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். சீக்கிரம் போனால் சீக்கிரம் வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

அடேயப்பா, அது என்ன கூட்டம்! வாசலிலேயே ஒரு பெட்டி. போனை அணைத்து அதில் போட்டுவிட வேண்டும், அதிர்வு சிலருக்கு ஆகாதாம். டெய்லர் தயங்கினார். பெட்டியை நீட்டிய பெண் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள், போட்டுவிட்டார். உள்ளே விளக்கு கூடாது, கண் கூசும். கைதட்டல் கூடாது, நெஞ்சு படபடக்கும். பிடித்திருந்தால் இரண்டு கையையும் காற்றில் ஆட்ட வேண்டும். ஒருவருக்கு ஃபேன் சத்தம் ஆகாது. இன்னொருவருக்கு ஃபேன் இல்லாமல் மூச்சு முட்டும். இரண்டு பேருமே, உங்கள் மனசு நோகக் கூடாது, உங்கள் இஷ்டம், இல்லை இல்லை உங்கள் இஷ்டம் என்று கண் கலங்கிக்கொண்டு நின்றார்கள். ஃபேனைப் போடுவதும் நிறுத்துவதுமாகவே வெகுநேரம் போயிற்று. உலகத்தில் யார் மனசையும் நோகடிக்காத அத்தனை பேரும் ஒரே அறையில் சேர்ந்தால் ஒரு ஃபேன்கூடச் சுற்றாது என்பதை அன்று பார்த்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

டெய்லரின் முறை வந்தது. பேசினார். பேசினார் என்ன, உருகி ஊற்றினார். குடையைத் திருப்பிக் கொடுத்த கதையைச் சொன்னார். கல்லாப் பெண்ணைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து முடியாது என்று சொன்னதாகச் சொன்னார். இருட்டில் எல்லாக் கைகளும் ஆடின. மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். டெய்லருக்கே அந்தக் கதை நடந்த மாதிரி இருந்தது.

பேசி முடித்ததும் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பத்தான் நினைத்தார். அவருக்கு அடுத்துப் பேச வந்த கண்ணாடிக் கடைக்காரர் இரண்டாவது வார்த்தையிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிறவர் முன்னால் எழுந்து போவதா? நாற்காலிக் கால் வேறு தரையில் கிறீச்சிடும். டெய்லர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்ற நினைப்பு வந்தது. இப்போது எழுந்துவிடு, இப்போது எழுந்துவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கடைக்காரர் அவரைப் பார்த்தார், நீங்களாவது என்னைப் புரிந்துகொள்கிறீர்களே என்பது போல. டெய்லர் தலையை ஆட்டினார், உட்கார்ந்தே இருந்தார். கடைக்காரருக்குப் பின்னால் இன்னொருவர் அழுதார்.

வெளியே வந்து போனை உயிர்ப்பித்தபோது அது வரிசையாகத் துடித்தது. எத்தனையோ தடவை கூப்பிட்டிருந்தார்கள். கடைசியில் வங்கிக்காரப் பெண்ணின் குரல் பதிவாகியிருந்தது. "சார், எங்க இருக்கீங்க? முதல் பேஷன்ட்டுக்குக் காய்ச்சல்னு மாஸ்டரை முன்னாடியே எடுத்துக்கறாங்க. சீக்கிரம் வாங்க சார்." அதற்குப் பிறகு ஒன்று: "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க சார்."

டெய்லருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு டாக்ஸியைப் பிடித்து ஏறினார். கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது பார்த்து டிரைவர் கொட்டாவி விட்டார். தூக்கம் இல்லாத மனிதர் போலிருக்கிறது, அவரை எதற்கு விரட்ட வேண்டும் என்று டெய்லர் வாயை மூடிக்கொண்டார். எல்லா சிக்னலிலும் நின்று நின்று போனார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளிந்து, மாஸ்டரை வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் வங்கிக்காரப் பெண் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லபடியா எடுத்துட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "பாத்த வரைக்கும் பயப்படற மாதிரி இல்லைன்னு டாக்டர் சொன்னார். சோதனை முடிவு வரணும். பேசக் கூடாது." போர்வையை இழுத்து விட்டபடி, "உள்ள தள்ளிட்டுப் போற வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டு இருந்தாங்க சார்" என்றாள்.

டெய்லர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. அதில் பொய் இல்லை, அவமானம் நெஞ்சைக் கிழித்தது. ஆனால் அழுகை என்னவோ எப்போதும் போல வார்டு முழுவதும் கேட்கிற அழுகைதான். ஆயாம்மா ஓடி வந்து நாற்காலி போட்டார். பக்கத்துக் கட்டில்காரி தன் தண்ணீரைக் கொடுத்தனுப்பினாள். எதிர்க் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த ஆள் டெய்லரின் முதுகைத் தடவினார்.

"பாவம், எவ்வளவு பாசம் பாருங்க!" என்றார் ஆயாம்மா, மாஸ்டரிடம். "இந்தக் காலத்துல பொண்டாட்டிக்காக இப்படி அழற ஆம்பளை யாரு இருக்காங்க? கொடுத்து வச்சவங்கம்மா நீங்க."

"என் வீட்டுக்காரரும் இருக்காரே" என்று பக்கத்துக் கட்டில்காரி புலம்பினாள்.

மாஸ்டர் வாயைத் திறந்தாள். ஆயாம்மா பதறிப்போய், "பேசக் கூடாதும்மா! ஒரு வார்த்தைகூடக் கூடாது!" என்று தடுத்தார். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டாள். கண் இரண்டும் கூரையைப் பார்த்தன. கொஞ்ச நேரம் கழித்து வங்கிக்காரப் பெண்ணின் பிடியிலிருந்து கையை விடுவித்து, ஒரு விரலை நீட்டினாள்.

"தண்ணியா?" என்றார் டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. இல்லை. "ஃபேனா? குளிருதா?" இல்லை. "தலைகாணியைத் தூக்கி வைக்கட்டுமா?" இல்லை. முன்பின் தெரியாதவர்களின் இருமலை வைத்தே அவர்களின் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிற மனிதர், மனைவியின் விரல் போகிற திசையைப் பார்க்காமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் திரும்பிப் பார்த்தார். விரல் கதவைக் காட்டியது.

"வெளிய போய் ஏதாவது சாப்பிடச் சொல்றாங்க" என்றார் ஆயாம்மா. "இந்த நிலைமையிலும் உங்களைப் பத்தித்தான் நினைப்பு பாருங்க."

டெய்லர் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. எழுந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு பாதி திறந்திருந்தது, அதன் இடுக்கில் அவள் படுத்திருப்பது தெரிந்தது. உள்ளே போய்க் காலைப் பிடிக்கலாமா, இனிமேல் உனக்கு முன்னால் யாரும் இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செருப்புக் கடை மேடம்.

"சொல்லாம கிளம்பிட்டீங்களே, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார் மேடம். "இன்னிக்கு எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வாரா வாரம் நீங்களே வந்து பேசணும்னு ஆசைப்படறாங்க. நானும் சரின்னு சொல்லிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

கதவிடுக்கில் மாஸ்டர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். வங்கிக்காரப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். வெள்ளைப் பலகையில் சார் எழுதிக் காட்டிய அந்த ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

"உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்" என்றார் மேடம். குரல் லேசாக உடைந்தது.

"சேச்சே, சிரமமெல்லாம் ஒண்ணும் இல்லை மேடம்" என்றார் டெய்லர், உள்ளே படுத்திருக்கிற நோயாளிகளுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி.

வங்கிக்காரப் பெண் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். வார்டே அதிரும்படி சாத்தினாள்.